பொலிகுதிரைக்காரன்

குதிரைகள் குறட்டை விடும். நிறையப் பேருக்கு இது தெரியாது. நின்றுகொண்டேதான் தூங்கும் என்று நினைக்கிறார்கள். வயிறு நிறைந்து, பக்கத்தில் நம்பிக்கையான ஆளும் இருந்தால், ஒரு பொலிகுதிரை வைக்கோலில் சாய்ந்து படுத்து, வேலை முடிந்து வந்த மனிதனைப்போலக் குறட்டை விடும். கார்தினால் அப்படித்தான். மத்தியானத்தில் நான் அதன் கொட்டில் வாசலில் இருந்து பாண் சாப்பிடுவேன், அது உள்ளே படுத்துக் குறட்டை விடும். நான் பார்த்த அத்தனை வருடங்களில் அது ஒருவரையும் உதைத்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கெட்ட குதிரை என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அது எனக்கு மிகவும் மனவருத்தம்.

அம்மா, நீங்கள் நீதிபதிக்கு ஆறுதலாக மொழிபெயருங்கள். எனக்கும் பிரெஞ்சு வரும், ஆனால் அது குதிரைகளோடும் குதிரைக்காரரோடும் பேசுகிற பிரெஞ்சு. இந்த விஷயத்தைத் தமிழில் சொன்னால்தான் ஒழுங்காகச் சொல்ல முடியும்.

என் பெயர் ஜெயரட்ணம். பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார்ட் தெருவில், ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே குடியிருக்கிறோம். மனைவி அற்புதராணி, ஒரே மகள் பேர்ளி. லா சப்பலில் எங்கள் ஆட்கள் எல்லாரும் கோப்பை கழுவியோ கடை வைத்தோ முன்னுக்கு வந்தார்கள். நான் மட்டும் விடிய எழும்பி, கார் து நோரில் இருந்து வடக்கே ரயிலெடுத்து, ஓரி-லா-வில் காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குதிரைப் பண்ணைக்குப் போவேன். "குதிரை ஜெயம்" என்றால் லா சப்பலில் எல்லாருக்கும் தெரியும். மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

பண்ணை ழான்-லூக்குடையது. பந்தயக் குதிரைகளைப் பெறுவதற்காக வளர்க்கிற பண்ணை. அங்கே மூன்று பொலிகுதிரைகள் இருந்தன. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பெட்டைக்குதிரைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பதும், பொலிகுதிரையைக் கயிற்றில் பிடித்துக் கொண்டுவருவதும், காரியம் முடியும்வரை இரண்டுக்கும் காயம் வராமல் பார்ப்பதும் என் வேலை. இந்த இனத்துக்கு ஊசி மூலம் சினைப்படுத்துவது செல்லாது. நேரே நடந்தால்தான் குட்டியைப் பதிவார்கள். பிரெஞ்சில் இந்த இனத்தின் பெயர் பூர்-சாங். தூய இரத்தம் என்று பொருள்.

ழான்-லூக்கின் குடும்பம் அல்ஜீரியாவிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர் அந்த நாட்டை ஆண்ட காலத்தில், அங்கே குடியேறிக் கோதுமையும் திராட்சையும் விதைத்த வெள்ளைக்காரரின் ஊர்களுக்கு அவருடைய பாட்டனார்தான் பொலிகுதிரை விட்டவராம். வசந்தம் தொடங்கினால் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் குதிரையை நடத்திக்கொண்டு போவாராம். ஒருமுறை அந்த நாட்டு விவசாயி ஒருவன் தன் பெட்டையைக் கொண்டுவந்து வாசலில் நின்றானாம். சுற்றுவட்டாரத்திலேயே அவ்வளவு நல்ல பெட்டை கிடையாதாம். பாட்டனார் திருப்பி அனுப்பிவிட்டாராம். ழான்-லூக் இதை வெட்கத்தோடுதான் சொன்னார். நான், பாட்டனார் செய்தது சரி, ஒருவருக்கு விட்டால் எல்லாரும் வருவார்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

பெட்டையோடு வருகிறவர்கள் கார்தினாலின் அழகைப் பார்ப்பதற்கு முன்பே, தகப்பன் யார், தாயின் தகப்பன் யார் என்று கேட்பார்கள். எனக்கு அது புதுமையாக இருக்கவில்லை. எங்கள் ஆட்களும் கல்யாணம் பேசும்போது அதைத்தான் கேட்பார்கள். "அவை ஆர் ஆக்கள்?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு ஊர்ப்பெயரால் பதில் சொல்லக் கூடாது. கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் எதைப்பற்றிய கேள்வி என்று தெரியும்.

தனோஜன், பேர்ளி தானாகவே விரும்பிக் கல்யாணம் செய்ய இருந்த பெடியன். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், அவன் ஏதோ நித்திரைக் குளிசைக்கு வந்திருக்கிறான். வன்னிப் பிள்ளை. இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தத்தின் கடைசி நாள்வரை உள்ளே இருந்து வெளியே வந்தவன். மூன்று வருடம் கழித்துப் பாரிசுக்கு வந்து ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறையில் கோப்பை கழுவினான். முப்பது வயதிருக்கும். மெல்லிய குரல். தலைக்கு மேலே மெட்ரோ போனால் பேச்சை நிறுத்திவிட்டு, அது போய் முடியும்வரை நிலத்தைப் பார்ப்பான். வீட்டில் அறைக்கதவைச் சாத்த விடமாட்டான், குளியலறைக் கதவையும் சற்றுத் திறந்தே வைப்பான். அற்புதராணிக்கு அவனில் இரக்கம். முதல் நாளே மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாள்.

எனக்கும் அவனைப் பிடித்தது. நீங்கள் நம்ப வேண்டும். அவன் நல்லவனில்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அவனைப் பண்ணைக்குக் கூட்டிப்போனது நான்தான். நிலவறையில் கிடந்தால் ஆள் கெட்டுப்போவான், வெளிவேலை நல்லது என்று ழான்-லூக்கிடம் கேட்டு இடம் எடுத்துக் கொடுத்தேன். காலையில் வந்து கொட்டில் துப்புரவாக்குவான், பெட்டைகளுக்குத் தீன் வைப்பான், மத்தியான ரயிலில் திரும்பிவிடுவான். அவன் ஒரு நீல ஜக்கெற் வைத்திருந்தான். வேலைக்கு மட்டும் போடுவான், போகும்போது கொட்டில் ஆணியில் கொழுவிவிட்டுப் போவான். அப்போது எனக்கு மனதில் ஒன்றும் இருக்கவில்லை. இதையும் எழுதுங்கள்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, லா சப்பல் மெட்ரோவுக்குக் கீழே நானும் அவனும் நடந்து வந்தோம். பெண்கள் பின்னால் கடை பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"மாமா, ஒரு விஷயம் சொல்லட்டே? நீங்கள் கோவிக்கக் கூடாது," என்றான்.

"சொல்லு தம்பி."

"அம்மாவுக்கு உங்கடை படம் அனுப்பினனான். அவ பாத்திட்டுச் சொல்லுறா, இது நெடுந்தீவு மரியாம்பிள்ளையின்ரை மூத்த பெடியன் எல்லோ எண்டு. தேப்பன்ரை முகம் அப்பிடியே இருக்காம்." அவன் சிரித்தான். "அப்ப நீங்களும் எங்கடை ஆக்கள்தானே மாமா. அம்மாவுக்குச் சரியான சந்தோஷம். உங்கடை வீட்டிலை எங்களை வேண்டாமெண்டு சொல்லுவினமோ எண்டு அவ பயந்துகொண்டு இருந்தவ."

மேலே ரயில் போனது. அவன் நிலத்தைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ரயில் போய் முடிந்தது.

"ஆருக்குச் சொன்னனீ?"

"ஒருத்தருக்கும் இல்லை. பேர்ளிக்கும் சொல்லேல்லை. மாமிக்குத் தெரியாதெண்டால் தெரியாமலே இருக்கட்டும். நான் வாய் திறக்க மாட்டன் மாமா."

நீங்கள் பாண்டிச்சேரிக்காரர் என்று வந்தவுடன் சொன்னீர்கள். அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்லக்கூடியதாக இருக்கிறது. நான் தொண்ணூறில் பாரிசுக்கு வந்தேன். அற்புதராணி வீட்டில் ஆர் ஆக்கள் என்று கேட்டபோது, நான் பட்டினத்தில் பிறந்ததாகச் சொன்னேன், இன்னாரின் பேரன் என்று சொன்னேன். அந்தக் குடும்பம் உண்மையில் இருந்தது. குண்டுவீச்சில் எல்லாரும் சிதறிப்போயிருந்தார்கள், விசாரிக்க ஆளில்லை. நெடுந்தீவில் பிறந்தேன் என்பதை ழான்-லூக்குக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஒல்லாந்தர் விட்டுப்போன குதிரைகள் அங்கே காடேறி நிற்பதைச் சொன்னதால்தான் அவர் எனக்கு வேலையே தந்தார். அவருக்கு அந்த ஊரில் நாங்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்பது விளங்காது.

பயத்தோடு ஒரு ஆள் எவ்வளவு காலம் இருக்கலாம் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு அது இருமல்போலப் பழகிவிட்டது. கடையில் யாராவது தீவார் பேச்சில் பேசினால் சாமானை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். செத்தவீட்டுக்குப் போனால் கடைசி வரிசையில் நிற்பேன். இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் லா சப்பல் முழுவதும் தெருவில் நின்று அழுதது. நானும் அழுதேன், பொய்யாக அழவில்லை. ஆனால் அழும்போதே, என்னைத் தெரிந்தவர்களில் யார் யார் மிஞ்சியிருப்பார்கள் என்று உள்ளே ஒன்று நினைத்துக்கொண்டிருந்தது. அந்த வருடம்தான் நான் முதன்முதலாக நல்ல நித்திரை கொண்டேன்.

தனோஜன் வாய் திறக்கமாட்டான் என்பதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் அவனுடைய தாய் அந்தோணியம்மாள் கல்யாணத்துக்கு வருவாள். சந்தோஷப்படுகிற மனுசி வாயைப் பொத்திக்கொண்டு இருக்கமாட்டாள். மண்டபத்தில், என் மனைவியின் ஆட்கள் எல்லாருக்கும் முன்னால், "மரியாம்பிள்ளையண்ணையின்ரை பெடியன்" என்று என் கையைப் பிடிப்பாள். அந்தக் கை என்னைத் தொடுவதாக ஒவ்வொரு இரவும் கண்டேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஏன் என்று கேட்பார்கள். எதைச் சொன்னாலும் அவன், "மாமா, நீங்களே இப்பிடிச் சொன்னால்" என்பான். அவ்வளவு போதும்.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. கோபத்தில் செய்ததல்ல. கோபம் என்றால் வேறு மாதிரி இருக்கும்.

குதிரை முகத்தை மறந்தாலும் மணத்தை மறக்காது. தனோஜன் மத்தியானம் போனபிறகு ஆணியிலிருந்து அவனுடைய நீல ஜக்கெற்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவனுடைய வியர்வையும் சிகரெட்டும் அதில் இருந்தன. தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டேன். பேசவில்லை, என் குரல் கார்தினாலுக்குத் தெரியும். பருவத்துக்கு வந்த பெட்டையைக் கொட்டில் வாசலுக்குக் கொண்டுபோய், அதன் மூக்குக்கு எட்டும் தூரத்தில் நிறுத்தினேன். கார்தினால் கதவை நெஞ்சால் தள்ளும் நேரம் பெட்டையைத் திருப்பிக் கொண்டுபோனேன். பிறகு தனியாக வந்து றப்பர் குழாயால் அதன் மூக்கில் அடித்தேன். கதவின் மேற்பாதி மட்டும் திறந்திருக்கும், வெளியே நின்றுதான் அடிப்பேன். முடிந்ததும் ஜக்கெற்றை ஆணியில் கொழுவிவிட்டு, முகம் கழுவி, என் சொந்த உடுப்பில் வந்து அதற்குக் கரட் கொடுப்பேன். அது என் தோளில் தலையை வைக்கும்.

முதல் நாட்களில் அது பின்னுக்குப் போய்ச் சுவரோடு நின்றது. விளங்காமல் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு பின்னுக்குப் போகவில்லை. காதுகளைத் தலையோடு ஒட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றது. ஒருநாள் நான் குழாயை ஓங்குமுன் கழுத்தை நீட்டி என் தோளைக் கவ்வித் தூக்கியது. என் கால்கள் நிலத்தில் இல்லை. அரைத் தொன் மிருகம், அதன் கண்ணுக்குள் என்னை அறிந்த ஒன்றும் இல்லை. ஜக்கெற் கிழிந்ததால்தான் விழுந்தேன். வாசலை விட்டுத் தவழ்ந்து விலகினேன். அந்த ஜக்கெற்றுக்குள் இருப்பது எப்படி என்பதை அன்று நான் முழுதாக அறிந்தேன். நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் நினைத்தது, இனிப் போதும், பழகிவிட்டது என்று.

கிழிசலை நானே ஊசிநூலால் தைத்தேன். வீட்டில் பேர்ளி என் தோளுக்கு மருந்து கட்டினாள். பெட்டை கடித்துவிட்டது என்றேன். "பப்பா, உங்களுக்கு வயசு போகுது, இந்த வேலையை விடுங்கோ," என்று திட்டினாள். பல் பதிந்த இடத்தை விரலால் அளந்து பார்த்து, அழுதாள்கூட.

ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை. மழை விட்டிருந்தது. பெட்டையொன்று முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரரோடு ழான்-லூக் கந்தோருக்குள் கோப்பி குடித்தார். கார்தினாலை நான் மட்டும்தான் கையாளுவேன், அது பண்ணை ஒழுங்கு. அன்று நான் தனோஜனைக் கூப்பிட்டு, தோள் நோகிறது, தலைக்கயிறு போட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தா என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. "மாமா, நீங்களும் உள்ளுக்கு வாறியளே?"

"நான் கதவிலை நிக்கிறன். பயப்பிடாதை. பயந்தால் அதுக்கு விளங்கும்."

உண்மையைத்தான் சொன்னேன். அவன் சிலுவை அடையாளம் போட்டான். எனக்கு முன்னால் பயந்தவனாகத் தெரியக் கூடாது என்று நிமிர்ந்துகொண்டு உள்ளே போனான். கார்தினால் மூலையில் திரும்பி நின்றது. நான் கதவின் கீழ்ப்பாதியைச் சாத்தினேன், மேற்பாதியையும் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன்.

அவன் கத்தவில்லை. பங்கரில் கிடந்து பழகிய பிள்ளைகள் கத்தமாட்டார்கள். "மாமா, கதவு," என்று இரண்டு தரம் சொன்னான். காற்றுக்குச் சாத்திவிட்டது என்று நினைத்திருப்பான். நான் பூட்டியது அவனுக்குக் கடைசிவரை தெரியாது, அது எனக்கு ஓரளவு ஆறுதல். பிறகு பலகையில் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகும் அவன் பேசினான். "மாமா, தள்ளி நில்லுங்கோ. வெளியிலை பாய்ஞ்சிடும்," என்றான்.

நான் தள்ளி நின்றேன்.

உள்ளே அமைதியாகும்வரை தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். என் கால்சட்டை நனைந்திருந்தது. பிறகு திறந்து, கத்தி, ழான்-லூக்கைக் கூப்பிட்டேன். அந்தக் கத்தல் நடிப்பு இல்லை. அந்த நேரத்தில் நான் உண்மையாகவே பயந்துபோயிருந்தேன்.

விபத்து என்று எழுதினார்கள். ஆணை மீறி உள்ளே போய்விட்டான் என்று நான் சொன்னேன், பெடியன் துணிச்சல்காரன் என்று நல்லவிதமாகவே சொன்னேன். லா சப்பலில் கடைக்காரர் எல்லாரும் வந்தார்கள். பெட்டியின் முன்பக்கத்தை நான்தான் தூக்கினேன், காயப்பட்ட தோளில். அந்தோணியம்மாளுக்கு விசா கிடைக்கவில்லை. பூசையை அவள் கைபேசியில் பார்த்தாள். பேர்ளி கைபேசியை என் பக்கம் திருப்பியபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்தார்கள்.

கார்தினாலை மருத்துவர் ஊசி போட்டுக் கொன்றார். தலையைப் பிடித்திருந்தது நான். அது என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. அன்று நான் அழுததுபோல என் வாழ்க்கையில் அழுததில்லை. ழான்-லூக் என்னைக் கட்டிப்பிடித்து, மருமகனுக்காக அழு, அழுதால் ஆறும் என்றார்.

விசாரணை முடிந்து அவனுடைய சாமான்களைப் பேர்ளியிடம் கொடுத்தார்கள். அவள் அந்த ஜக்கெற்றை மேசையில் விரித்து வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். தோளில் தைத்த கிழிசலுக்கு வந்ததும் விரல் நின்றது. நான் எதிரே இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் தையலைச் சுற்றியிருந்த பல் அடையாளத்தை விரலால் அளந்தாள். எழும்பி வந்து, என் சட்டைக்கு மேலாகத் தோளைத் தொட்டாள். பின்னுக்கு விலகினாள். சுவர்வரைக்கும் விலகிப்போய் அங்கேயே நின்றாள். என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்ததை அன்றுதான் முதலில் கண்டேன். நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். அவள் சப்பாத்தும் போடாமல் படியால் இறங்கி ஓடினாள். பொலிசிடம்தான் போயிருக்கிறாள்.

எனக்கு அவளில் கோபம் இல்லை.

போன கிழமை அற்புதராணி சிறைக்கு வந்தாள். ஏன் செய்தேன் என்று வழக்கறிஞர் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். நான் அவருக்குச் சொன்னதே தவறு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து இருந்தாள்.

"இஞ்சருங்கோ, எனக்கு அது எங்கடை கலியாணத்துக்கு முதலே தெரியும்," என்றாள். "அம்மாவுக்கும் தெரியும். இம்மாகுலேற் மாமி விசாரிச்சு வந்து சொன்னவ. நல்ல பெடியன், குடிக்கிறேல்லை, எங்களுக்கு அது காணும் எண்டு அம்மா சொல்லிப்போட்டா. நீங்கள் பொய் சொன்னதுதான் எனக்குக் கவலை. ஒருநாளைக்கு நீங்களே சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்." பிறகு கேட்டாள், "இதுக்காகவோ அந்தப் பிள்ளையைச் சாகடிச்சனியள்?"

பேர்ளியிடமும் சொன்னாளாம். ஆர் ஆக்கள் என்றால் என்ன என்று பிள்ளை திருப்பிக் கேட்டாளாம். எத்தனை தரம் சொல்லியும் அவளுக்கு விளங்கவில்லையாம்.

நான் இதைப்பற்றி நிறைய யோசித்துவிட்டேன். அற்புதராணி என்னில் உள்ள இரக்கத்தில் பொய் சொல்கிறாள். தெரிந்திருந்தால் இத்தனை வருடம் என் கோப்பையில் மிஞ்சிய சோற்றை அவள் சாப்பிட்டிருக்கமாட்டாள். என் தாய் செத்த செய்தி வந்த நேரம் என்னோடு சேர்ந்து அழுதிருக்கமாட்டாள். ஒரு மனுசியால் அப்படி இருக்க முடியாது. எனவே அவளுக்குத் தெரியாது, வழக்கறிஞர் சொன்னதையும் அவள் நம்பியிருக்கமாட்டாள்.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன், அம்மா. ஜக்கெற், றப்பர் குழாய், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் நீதிபதிக்குப் பிரெஞ்சில் சொல்லுங்கள். தனோஜனை நான் திட்டம்போட்டுக் கொன்றேன், கையெழுத்து வைக்கிறேன். நெடுந்தீவையும் என் தகப்பனின் பெயரையும் மட்டும் விட்டுவிடுங்கள். தண்டனை முடிந்து வெளியே வந்தபிறகு, நான் லா சப்பலில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.